மாஸ்ரரின் அளவியும் என் காற்றுத் துப்பாக்கியும்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குத் துப்பாக்கியைக் குறிக்கும் ‘துவக்கு’ என்ற சொல்லே கசக்கும். 1986இல் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிய எங்கள் வகுப்பில், அதைக் கேட்டு விளையாட்டை நினைத்தவர் எவருமில்லை. கோலாலம்பூரில், ஐம்பத்திரண்டு வயதில், 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி சுடப் பழகுகிறேன் என்று சொன்னதும் கனடாவிலிருந்து பேசிய வகுப்புத் தோழன் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. அன்று அவனுக்குச் சொல்ல வராததை இந்தக் கல்லூரி மலரில் எழுதுகிறேன். தான் அறியாமலே எனக்கு இந்த விளையாட்டை முதலில் பழக்கியவர் எங்கள் இரசாயன மாஸ்ரர்.

நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் நியமிப்பு செய்த நாட்கள், அதாவது ஒரு கரைசலைத் துளித் துளியாக விட்டு இன்னொன்றின் செறிவை அளந்த நாட்கள், பலருக்கும் நினைவிருக்கும். அளவியை (திருகு வைத்த நீண்ட அளவுக் குழாயை) கழுவ வேண்டும், கரைசலால் அலச வேண்டும், நுனியில் நிற்கும் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும், கரைசலின் வளைந்த மேற்பரப்பான பிறையுருவின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி வாசிப்பெடுக்க வேண்டும். ஒரு படி தவறினாலும் மாஸ்ரர் குடுவையை வாங்கித் தொட்டியில் ஊற்றிவிடுவார். கோபம் இராது. “திருப்பித் தொடங்கு, தம்பி” என்பார், அவ்வளவுதான். நிறங்காட்டியான பினோப்தலீன் இளஞ்சிவப்பாகப் போகும் அந்தக் கடைசித் துளிகளில் எங்கள் விரல் பதறும். “நிறத்தை நீ மாத்தாதை. நீ துளியை விடு, அது தானா மாறும்.” மூன்று வாசிப்புகள் ஒத்துவராவிட்டால் விடையைப் பார்க்கவே மாட்டார். “முதல்ல ஒத்து வரட்டும். சரி பிழை பிறகு பாப்பம்.”

பிறகு நாடு விட்டு வந்து, கிள்ளானில் செம்பனை எண்ணெய் ஆய்வுகூடத்தில் இருபத்தைந்து வருடம் அதே நியமிப்பைச் செய்தே சோறு தின்றேன்.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். ஆகவே கழகத்துத் துப்பாக்கியில்தான் தொடங்கினேன். பழக்கியவர் என் மகள் வயதுள்ள ஒரு கிள்ளான் பெண். முதல் நாள் குண்டும் தரவில்லை, இலக்கும் தரவில்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்து விசையை அழுத்தச் சொன்னார். “கால வைங்க, அங்கிள். கண்ண மூடி கைய தூக்குங்க. இப்ப தொறங்க. எங்க காட்டுது?” கை இலக்குக்குப் பக்கவாட்டில் நின்றால் கையைத் திருப்பக் கூடாது, பின்னங்காலை நகர்த்த வேண்டும். பிடி ஒவ்வொரு முறையும் உள்ளங்கையில் அதே இடத்தில் அமர வேண்டும். மூச்சை இழுத்தபடி இலக்குக்கு மேலே கையை உயர்த்தி, விட்டபடி கறுப்பு வட்டத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறக்கி நிறுத்த வேண்டும். விசை எளிதாக நகரும் முதல் தளர்வை வாங்கிக்கொண்டு, பார்வையைக் குழல் நுனியிலுள்ள முன்குறிக்குக் கொண்டுவர வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிவதுதான் சரி.

இந்தக் கடைசி விஷயத்தை என் மனம் நெடுநாள் ஏற்கவில்லை. சுட வேண்டியதைப் பாராமல் எப்படிச் சுடுவது? ஒரு நாள் வீட்டில் தாளெடுத்து, பள்ளியில் படித்த இயல்பொத்த முக்கோணிகளைக் கீறிப் பார்த்தேன். பத்துப் புள்ளி தரும் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. கை முழுவதும் ஒரேயடியாக 5 மி.மீ. விலகினாலும் குண்டு பத்துக்குள்ளேதான் விழும். ஆனால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 33 செ.மீ. பின்குறியின் பிளவுக்குள் முன்குறி ஒரேயொரு மி.மீ. ஒதுங்கினால், 10 மீட்டர் தாண்டும்போது அது 30 மி.மீ. ஆகிவிடும். பத்து ஏழாகும். நடுங்கும் கையோடு சண்டை பிடிப்பதை அன்றோடு விட்டேன்.

விசையோ அளவித் திருகேதான். குறைந்தது 500 கிராம் அழுத்தம் தாங்க வேண்டும் என்பது விதி. அதைத் துளித் துளியாக ஏற்றிக்கொண்டே போக, வெடி எனக்கே தெரியாமல் புறப்பட வேண்டும். புறப்பட்ட பின்னும் கையை இறக்காமல் இரண்டு விநாடி நின்று, எங்கே பட்டிருக்கும் என்று, புள்ளி காட்டும் திரையைப் பார்க்குமுன் மனதில் சொல்ல வேண்டும். ‘இப்ப பத்து, இப்ப அழுத்து’ என்று மனம் சொல்லி அழுத்திய வெடிகளெல்லாம் எனக்கு எட்டிலும் ஏழிலும் போய் விழுந்தவை.

இவற்றையெல்லாம் விட அரியது சுடாமல் இறக்குவது. நிறுத்திய எட்டு விநாடிக்குள் வெடி போகவில்லையென்றால் கண் களைத்துவிடும், கை தளரும். அப்போது கையை மேசைக்கு இறக்கி, மூச்சை ஆற்றி, காலிலிருந்து தொடங்க வேண்டும். போட்டியில் 60 வெடிக்கு 75 நிமிடம். ஒன்றுக்கு 75 விநாடி. நேரம் தாராளம். ஆனாலும் தூக்கிய கையைச் சும்மா இறக்க மனம் வராது. “எறக்குங்க, அங்கிள்” என்று அந்தப் பெண் பின்னாலிருந்து சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொட்டியில் கரைசல் ஊற்றும் சத்தம் கேட்கும்.

இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், மாஸ்ரர் கீறச் சொன்ன அதே அட்டவணை. முதல் நிரலில் வெடியின் எண், இரண்டாவதில் நான் மனதில் சொன்னது, மூன்றாவதில் திரை காட்டியது. நான்காவது நிரல் நானாகச் சேர்த்தது: சுடாமல் இறக்கிய தடவைகள். கடந்த ஞாயிறு 60 வெடிக்குப் பதினேழு முறை இறக்கியிருக்கிறேன். 43ஆவது வெடிக்கு மட்டும் நான்கு முறை. ஐந்தாம் முறை தூக்கியபோது அது எப்போது போனதென்று எனக்குத் தெரியாது.