அப்பா கையெழுத்துப் போடும் முன்

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டுக் குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. அவசரப் பிரிவில் எக்ஸ்ரே முடிந்து தள்ளுபடுக்கையில் கிடந்தவரிடம் ஒரு பெண் படிவத்தோடு வந்தார். "உங்க இன்ஷூரன்ஸ்ல ஏ கிளாஸ் இருக்கே அங்கிள், அதுலயே போட்டுடவா?" அப்பா என்னைப் பார்க்கக்கூட இல்லை. பேனாவுக்குக் கை நீட்டிவிட்டார்.

அப்பாவுக்கு 81 வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் 31 ஆண்டுகள் வெல்டராக இருந்தவர். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதுதான் மரியாதை என்று பழகிப்போனவர். நாம் ஏதாவது கேட்டால், "வேணாம்மா, அவங்க கோவிச்சுக்குவாங்க" என்பார்.

பேனாவை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தனி அறை கிடைக்கும் ஏ வார்டில் எவ்வளவு ஆகும், பலர் ஒரே அறையில் படுக்கும் சி வார்டில் எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு கேட்டேன். சி வார்டில் சேர்ந்தாலும் இந்த இன்ஷூரன்ஸ் செல்லுமா என்று கேட்டேன். வீட்டுக்குப் போன பிறகு வரும் பரிசோதனைகளுக்கு எந்தக் கட்டணம் என்றும் கேட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. கணினியில் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சேரும் முன் செலவு மதிப்பீடு கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டதற்காக யாரும் நம்மைக் குறைவாக நடத்தப்போவதில்லை.

ஏ வார்டில் அரசாங்க மானியம் கிடையாது. பி2, சி வார்டுகளில் குடிமக்களுக்கு, குடும்பத்தில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்பதைப் பார்த்து, 50 முதல் 80 விழுக்காடு வரை மானியம் உண்டு. அந்த மானியம் போக மிஞ்சும் தொகைக்குத்தான் அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வருகிறது. முதலில் ஒரு நிர்ணயித்த தொகை நம்முடையது. அதற்கு மேல் 10 விழுக்காட்டில் தொடங்கி, பில் பெரிதாகப் பெரிதாக 3 விழுக்காடு வரை குறைகிற ஒரு பங்கும் நம்முடையது. இரண்டையும், மருத்துவச் செலவுக்கென்று அவரவர் பெயரில் இருக்கும் மெடிசேவ் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டலாம். பிள்ளைகளின் மெடிசேவும் செல்லும். விண்ணப்பத்தை மருத்துவமனையே அனுப்பிவிடும்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏ வார்டில் படுத்துவிட்டு வந்தால், பிறகு நிபுணரைப் பார்க்கப் போகும்போதும் பொதுவாகத் தனியார் கட்டணம்தான். நாட்டின் தொடக்க காலத்து மூத்த குடிமக்களுக்கென்று அப்பாவுக்கு இருக்கும் முன்னோடித் தலைமுறைச் சலுகை, மானியக் கட்டணத்தில் இன்னும் பாதியைக் குறைக்கும். மானிய நோயாளியாக இல்லாவிட்டால் அது கைக்கு எட்டாது. சி வார்டில் மருத்துவரை நாமே தேர்ந்தெடுக்க முடியாது, ஏர்கான் இருக்காது. அப்பாவிடம் சொன்னேன். "பட்டறையில என்ன ஏர்கானா இருந்துச்சு?" என்றார்.

மறுநாள் காலை அறுவை சிகிச்சை பற்றிப் பேச இளம் மருத்துவர் வந்தார். நல்லவர், பொறுமையானவர். ஆனால் முழுக்க என்னிடமே பேசினார். அப்பா எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "கத்தி வைக்கப்போறது என் இடுப்புல. என்கிட்ட சொல்லச் சொல்லு" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. புத்தி தெளிவாக இருக்கும்வரை சம்மதம் அவருடையது மட்டுமே. மகள், மூத்த மகன் யாரும் அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது. தமிழ் பேசும் தாதி ஒருவரை அழைத்தார்கள். எந்த எலும்பு, என்ன உலோகம், மயக்கம் எப்படி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் அப்பாவின் தலைமாட்டில் நின்று கால் மணி நேரம் விளக்கினார். தமிழ் இந்த நாட்டின் அதிகாரத்துவ மொழி. தமிழில் சொல்லுங்கள் என்று கேட்க எந்தப் பெரியவரும் கூச்சப்பட வேண்டாம். வீடு திரும்பும் முன் மருத்துவச் சமூக ஊழியரையும் பார்த்தோம். பணத்துக்கு வழியில்லாதவர்கள் அரசாங்க உதவி நிதியான மெடிஃபண்டு பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஏப்ரலில், மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் அப்பா எடுத்திருந்த அந்த ஏ கிளாஸ் தனியார் திட்டத்தின் புதுப்பிப்புக் கடிதம் வந்தது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கூடுதல் காப்புக்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 900 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) எடுக்கலாம். மிச்சம் ரொக்கம். அப்பா ஆண்டுக்கு 3,000 வெள்ளிக்கு மேல் சேமிப்பிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். ஏனப்பா என்று கேட்டேன். நிறுத்தினால் இன்ஷூரன்ஸே போய்விடும் என்று எப்போதோ ஒருவர் சொன்னாராம். எத்தனை ஆண்டு அந்தப் பயத்திலேயே மீன் வாங்கும் காசை மிச்சம் பிடித்தாரோ.

அது உண்மையில்லை. தனியார் பகுதியை விட்டாலும் மெடிஷீல்டு லைஃப் தானாகத் தொடரும். 2015 நவம்பரில் அது தொடங்கியதே எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஆயுள் முழுக்கக் காப்பு தருவதற்காக. ஏற்கெனவே உள்ள நோய்களும் அதில் அடக்கம். பழைய மெடிஷீல்டில் 92 வயதோடு காப்பு நின்றுவிடும். இப்போது வயது வரம்பும் இல்லை, வாழ்நாள் உச்சவரம்பும் இல்லை. முன்னோடித் தலைமுறைக்குப் பிரிமியத்தில் 40 முதல் 60 விழுக்காடு மானியம், அதோடு ஆண்டுதோறும் மெடிசேவில் பணம். உண்மையிலேயே கட்ட முடியாதவர்களின் காப்பை ரத்து செய்வதில்லை.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருமுறை விட்டா இந்த வயசுல திரும்ப எடுக்க முடியாது" என்றான். அது சரிதான்; தனியார் நிறுவனம் உடல்நிலையைப் பார்த்துத்தான் சேர்க்கும். அதையும் அப்பாவிடம் மறைக்காமல் சொன்னோம். இரண்டு நாள் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, நிறுத்தும் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒரு வரியில் நிறுத்தி, "இது எந்தத் தேதியிலேர்ந்து?" என்று கேட்டார். சொன்னேன்.

"இப்ப பேனாவைக் குடு" என்றார்.