மாரனாத்தாவும் டேங்கர் தண்ணீரும்

மார்ச் 7, 2024, வியாழன்

டேங்கர் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகம் இன்று விலை வைத்துவிட்டது. ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் 6,000 லிட்டர் வண்டிக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு வழக்கமாக ஊற்றுகிறவரிடம் சொன்னேன். "அந்த ரேட்டுக்கு அவங்களையே வந்து ஊத்தச் சொல்லுங்க மேடம்" என்று ஃபோனை வைத்துவிட்டார். குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர் நான். இந்த மாதிரிப் பேச்செல்லாம் என்னிடம்தான் வந்து சேரும்.

நாங்கள் இருப்பது பெங்களூரில், ஹொரமாவு பக்கம். காவிரிக் குடிநீர் இணைப்பு இன்னும் வரவில்லை. இரண்டு போர்வெல்லில் ஒன்று பிப்ரவரியிலேயே காற்றைத் துப்ப ஆரம்பித்தது. நகரத்தின் 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வறண்டுவிட்டன என்று துணை முதல்வரே சொல்கிறார். போன வருடம் பருவமழை பொய்த்தது, எல் நினோ, ஏரியைத் தூர்த்துப் போட்ட லேஅவுட்டுகள்... காரணத்துக்குப் பஞ்சமில்லை.

மாலை தியானக் குழு. எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்குப் பின்னால் மறைக்கல்வி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள். முதலில் ஒரு சிறு வாசகம், அப்புறம் இருபது நிமிடம் அசையாமல் உட்கார்வது. மனதுக்குள் 'மாரனாத்தா' என்ற ஒரே சொல், 'ஆண்டவரே வாரும்' என்று பொருள். எதையும் கேட்பதில்லை, எதையும் கற்பனை செய்வதில்லை. எனக்கு இன்று உள்ளே ஓடியதெல்லாம் அறுநூறும் ஆயிரமும்தான்.

மார்ச் 10, ஞாயிறு

திருப்பலியில் மழைக்காக மன்றாடினோம். வெளியே வந்தால் பேச்செல்லாம் குடிநீர் வாரியத்தின் அறிவிப்பைப் பற்றி. குடிநீரில் கார் கழுவினாலோ தோட்டத்துக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதமாம்.

மகள் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறாள். சாப்பிடும்போது பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, நீங்கல்லாம் கண்ணை மூடி உட்கார்ந்தா போர்வெல் ஊறுமா?"

ஊறாது என்றேன்.

"அப்புறம் எதுக்கு?"

கேள்வியில் தப்பில்லை. தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நான் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் அதில் ஒன்றுகூடக் குறையாது. ஆனால் விவரம் தெரியாமலா இந்த நிலைக்கு வந்தோம்? ஐ.நா.வின் காலநிலைக் குழு 1988-இல் தொடங்கி, 1990-இலேயே முதல் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. மக்களுக்கு விவரம் போதவில்லையே என்று அவளுக்குப் பயம். எனக்கு 'போதும்' என்று நிறுத்தத் தெரியவில்லையே என்று பயம். இருபது நிமிடம் எதையும் வாங்காமல், வேண்டாமல், சாதிக்காமல் இருப்பது அதற்கு ஒரு பயிற்சி என்றேன். "கேட்க நல்லாத்தான் இருக்கு" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 14, வியாழன்

நாத்தனார் வந்திருந்தார். அவர் வேறு சபை. "மந்திரம் சொல்றது நம்ம வழியில்லையே அண்ணி" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் குழு செய்கிற தியான முறையைப் பரப்பிய ஜான் மெயின், பெனடிக்ட் சபைத் துறவி. துறவியாகும் முன்பு, 1950களில், மலாயாவில் பிரிட்டிஷ் அரசு வேலையில் இருந்தார். அங்கே சுவாமி சத்தியானந்தா என்ற இந்துத் துறவிதான் ஒரே சொல்லைச் சொல்லித் தியானிக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு மடத்தில் சேர்ந்தபோது, இதெல்லாம் நம் முறை இல்லை, விட்டுவிடு என்றார்கள், விட்டுவிட்டார். பல வருடம் கழித்து ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி ஜான் காசியனின் பழைய நூலை எடுத்துப் படித்தால், பாலைவனத் துறவிகள் ஒரே ஒரு திருப்பாடல் வரியை, "கடவுளே, எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும்" என்பதை, இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருந்தது அதில் இருக்கிறது. ஆயிரத்து அறுநூறு வருடப் பழக்கம். ஆக, நம் வீட்டுப் பரணில் கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக் காட்டியிருக்கிறார். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 17, ஞாயிறு

சங்கக் கூட்டம். இரண்டரை மணி நேரம்.

காலை இரண்டு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர் என்று ஆனதிலிருந்து, திறந்தவுடனே எல்லா வீட்டிலும் டிரம், பக்கெட், குக்கர்வரை நிரம்புகிறது. நேற்றுப் பிடித்ததைக் கொட்டிவிட்டு இன்று புதிதாகப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மேல்மாடிக்கு ஏறுவதற்குள் தொட்டி காலி. நேரம் குறைத்த பிறகு தண்ணீர்ச் செலவு கூடியிருக்கிறது, டேங்கர் பில்லில் பச்சையாகத் தெரிகிறது. பற்றாக்குறையைவிடப் பற்றாக்குறையைப் பற்றிய பயம் அதிகத் தண்ணீர் குடிக்கிறது.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாம் என்றேன். தள்ளிப்போட்டார்கள். அப்போதுதான் ஒருவர் எழுந்து, கீழ்த்தளத்துக் கழிப்பறையைப் பூட்டிவிடலாம் என்றார். வாட்ச்மேன் அண்ணன், டிரைவர்கள், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் எல்லாருக்கும் இருப்பது அது ஒன்றுதான். தலைகள் ஆடின. தர்மபுரியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா, காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டுவரை இதே கட்டடத்தில் நான்கு வீடு பார்க்கிறார்.

எனக்கு வாயில் வந்த முதல் வாக்கியம் இங்கே எழுதக்கூடியது அல்ல. அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னோடு சண்டை போட்டிருப்பார், கழிப்பறையும் பூட்டப்பட்டிருக்கும். சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, அந்தத் தொட்டிக்கு ஏறும் தண்ணீர் ஒரு வீட்டுச் செலவைவிடக் குறைவு என்று பதிவேட்டைக் காட்டினேன். அப்புறம் "அவங்க எங்க போவாங்க, சார்?" என்று மட்டும் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. பூட்டு வாங்கவில்லை.

தியானம் செய்ததால்தான் பொறுமை வந்தது என்றெல்லாம் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் வந்த எண்ணத்தை அப்படியே பிடித்துக்கொண்டு ஓடாமல் திரும்பி வருவது, தினமும் செய்கிற அதே வேலை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் உள்ளத்தின் மனமாற்றத்தைப் பற்றிப் பேசுகிற அதே அதிகாரத்தில், தனி மனிதர்களின் நற்செயல்களைக் கூட்டினால் மட்டும் சமூகப் பிரச்சினை தீராது, சமூகமாகச் சேர்ந்துதான் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிற தியானக்காரர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

மார்ச் 25, திங்கள்

ஹோலி. மழை நடனத்துக்கும் நீச்சல்குள விருந்துக்கும் காவிரி நீர் கூடாது என்று வாரியம் சொல்லியிருந்தது. கார் கழுவியதற்கும் செடிக்கு ஊற்றியதற்கும் 22 குடும்பங்களிடம் 1.10 லட்சம் அபராதம் வாங்கியாகிவிட்டது என்று செய்தி. ஆளுக்கு ஐயாயிரம், கணக்கு சரி.

மார்ச் 28, பெரிய வியாழன்

பாதம் கழுவும் சடங்கில் ஃபாதர் ஒரே ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு பேருக்கும் அதுதான். தாம்பாளத்தில் விழுந்தது குரோட்டன்ஸ் தொட்டிக்குப் போனது. சடங்கில் சிக்கனமா என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு இதுவரை பார்த்ததிலேயே பிடித்த பாதம் கழுவுதல் இதுதான்.

திருப்பலிக்குப் பிறகு நடுராத்திரிவரை ஆராதனை. கைதாகும் முன் இயேசு கெத்சமனித் தோட்டத்தில் ஜெபித்த பகுதியைப் படித்தார்கள். ஒரு மணி நேரம் என்னோடு விழித்திருக்க முடியவில்லையா என்று இயேசு கேட்பது எல்லாருக்கும் தெரியும். சீடர்கள் ஏன் தூங்கினார்கள் என்று லூக்கா மட்டும் காரணம் எழுதுகிறார்: துயரத்தால் தூங்கினார்களாம். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், இன்றுதான் காதில் விழுந்தது. சோம்பலோ அக்கறையின்மையோ அல்ல, தாங்க முடியாமல்தான் தூங்கியிருக்கிறார்கள். மகளின் நண்பர்களிடம் இதைப் பார்க்கிறேன். உருகும் பனி, எரியும் காடு என்று பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். "எப்படியும் எல்லாம் போச்சு" என்பதும் ஒரு வகைத் தூக்கம்தான்.

சீடர்களிடம் அவர் கேட்டது திட்டம் இல்லை, வாள் இல்லை. வாளை எடுத்தவரைத் தடுத்தார். விழித்திருக்கச் சொன்னார், அவ்வளவுதான். மகள் கேட்ட "எதுக்கு" என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலும் இதுதான். தெரிந்த செய்தியை மறுக்காமல், அதிலிருந்து ஓடாமல், அது தரும் பயத்தோடேயே நிமிர்ந்து உட்காரப் பழகுவது. நாளைக்கு நீண்ட வழிபாடு, தூங்க வேண்டும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

38.5 டிகிரி. ஏப்ரல் முடியப்போகிறது, ஊருக்கு ஒரு சொட்டு மழை இல்லை. பெங்களூருக்கு ஏன் வந்தோம் என்று கேட்டால் 'கிளைமேட்' என்று சொல்லிக்கொண்டிருந்த தலைமுறை நாங்கள்.

குழுவில் இங்கிலாந்திலிருந்து வந்த பெனடிக்ட் துறவி பீட் கிரிஃபித்ஸ் பற்றிப் பேச்சு. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் இருக்கும் சாந்திவனம் ஆசிரமத்தில் 1968 முதல் 1993-இல் இறக்கும்வரை இருந்தவர். நான் பார்த்த கோடையில் அங்கே ஆறு என்பது அகலமான மணல். இங்கேயோ தொரேகாடனஹள்ளியிலிருந்து மூன்று கட்டமாக மேலேற்றி, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்துக்கு அதே காவிரியைக் கொண்டுவருகிறார்கள், நாளொன்றுக்கு 1,450 மில்லியன் லிட்டர். காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் முடிந்தால் இன்னும் 775. எங்கள் பகுதிக்கும் வரும் என்கிறார்கள். வந்தால் நானும் சந்தோஷமாகத்தான் பிடிப்பேன். பெங்களூர்த் தமிழர்கள் காவிரி என்றால் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகியவர்கள், 1991-இல் தமிழர்களைத் தாக்கிய காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. ஆனால் அது வேறு மௌனம், அதைத் தியானக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஜூன் 3, திங்கள்

நேற்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர். 1891-இல் பதிவான ஜூன் மாதச் சாதனை உடைந்தது. மரங்கள் சாய்ந்தன, தெருவெல்லாம் ஏரி. எங்கள் மொட்டைமாடித் தண்ணீர் முழுக்கக் குழாய் வழியாக நேராகச் சாக்கடைக்குப் போனதை நானும் வாட்ச்மேன் அண்ணனும் குடை பிடித்துக்கொண்டு பார்த்தோம். "மார்ச்சுல இதுக்குத்தான மேடம் காசு கொடுத்தோம்" என்றார். மழைநீர் சேகரிப்பு 2009-இலிருந்து சட்டம். எங்களிடம் இருப்பது இலை அடைத்த ஒரு குழி.

வாட்ஸாப்பில் அதற்குள் ஒருவர், மழைதான் வந்துவிட்டதே, மீட்டரும், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ரீசார்ஜ் குழியும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார். கட்டைவிரல்கள் குவிகின்றன. பதில் எழுதவில்லை. மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன், வேலை தெரிந்த ஒரு குழிக்காரர் புதன்கிழமை வந்து பார்க்கிறார். ஞாயிறு 11 மணிக்குக் கூட்டம். இந்த முறை மகளும் வருகிறாளாம், கணக்கைத் தான் படிக்கிறேன் என்கிறாள். சரி என்றிருக்கிறேன்.