சோறு கேட்கும் மீட்டர்

மொரிஷியஸில் கரும்பு உள்ள இடத்தில் மொலாசஸும் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு), மொலாசஸ் உள்ள இடத்தில் ரம்மும் இருக்கும். அப்படியொரு வடிசாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஊறலில் எத்தனால், அதாவது போதை தரும் ஆல்கஹால், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அன்றாடப் பிழைப்பு. ஊறலைக் கொஞ்சம் வடித்தெடுத்து அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் பார்ப்போம். நம்பகமான முறைதான், ஆனால் நேரத்தைத் தின்னும்.

அதனால் பாக்டீரியா மின்முனையை, அதாவது உயிருள்ள பாக்டீரியாவை ஒட்டிய அளவுகருவியைக், கையில் எடுத்தோம். இது புதுச் சரக்கு இல்லை. 1975-லேயே திவியெஸ் என்பவர் அசெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவை மின்முனையில் ஒட்டி எத்தனாலை அளந்து காட்டியிருக்கிறார். நாங்கள் வைத்தது குளூக்கனோபாக்டர், அதுவும் வினிகர் புளிக்க வைக்கும் கூட்டம்தான். எத்தனாலை அசெட்டிக் அமிலமாக்கும் நொதிகள் அதன் செல் சவ்விலேயே இருப்பதால் வேலை வேகமாக நடக்கும். அதற்கு ஆக்சிஜன் செலவாகும். அடியில் இருக்கும், ஆக்சிஜனை அளக்கும் கிளார்க் மின்முனையில் ஆக்சிஜன் குறையக் குறைய மின்னோட்டம் இறங்கும். அந்த இறக்கம்தான் கணக்கு.

சொல்லச் சுலபம். மையநீக்கியில் சுற்றி எடுத்த செல்களை வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, லேசாகக் காயவிட்டு, மின்முனைமேல் வைத்து, மேலே சவ்வு போர்த்தி ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். அடியில் குமிழி மாட்டினால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

பெரிய தலைவலி சர்க்கரை. இந்தப் பாக்டீரியா குளுக்கோஸையும் தின்னும், ஈஸ்ட் விட்டுப்போகும் கிளிசராலையும் விடாது. "இது குடிகாரன் இல்ல தம்பி, பெருந்தீனிக்காரன்" என்று கூட வேலை பார்க்கும் அண்ணன் இங்கத்திய கிரியோல் மொழியில் கிண்டலடிப்பார். செல்லுலோஸ் அசிடேட் சவ்வைப் போர்த்தினால் குளுக்கோஸ் ஓரளவு தடைபடும், சின்ன மூலக்கூறான எத்தனால் நுழைந்துவிடும். ஊறலை ஆயிரம் மடங்கு நீர்க்க வைப்பதும் கட்டாயம். 7 சதவீத ஊறல் கிட்டத்தட்ட 1.2 மோலார், அவ்வளவையும் செல்கள் தாங்காது. நீர்த்த பிறகு ஈஸ்ட்டின் சொந்த மூச்சும் கணக்கைக் கெடுக்காது.

அப்புறம் லீவு விவகாரம். தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை. மின்முனையைத் தாங்குகரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசல்) போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவோம். திரும்பி வந்தால் அதே எத்தனாலுக்குக் குறைவாகக் காட்டும். செல்களுக்குப் பசி! தெரிந்த அளவுக் கரைசல்களைக் கொடுத்து மறுபடி அளவுத்திருத்தம் செய்யாமல் ஒரு எண்ணையும் நம்பமாட்டேன்.

நொதியைத் தனியாகப் பிரித்து வைக்கலாமே என்று மேலாளர் கேட்டார். பிரித்தெடுக்கக் காசு போகும், செல் சவ்வை விட்டு வெளியே வந்தால் அதன் வீரியமும் தேயும். உள்ள இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். வரிக் கணக்குக்கு இன்றும் வடித்துத்தான் பார்க்கிறோம். ஊறல் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டதா, வடிகலனுக்கு ஏற்றலாமா என்று இரவு ஷிஃப்ட்டில் முடிவெடுக்க மட்டும் பாக்டீரியாவைக் கேட்கிறோம்.