அவரையும் சேர்த்து ஆறு பேர்

சாதாரண வாடிக்கையாளர்போலக் கடைக்குப் போய், அங்கே கிடைக்கும் சேவையைப் பற்றி ரகசியமாக அறிக்கை எழுதித் தரும் மிஸ்டரி ஷாப்பர் வேலையை ஒப்புக்கொண்டபோது எனக்கு வந்த ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தேன். எந்த நிறுவனத்துக்காகக் கடைக்குள் நுழைகிறேன், அங்கே என்ன கேட்கச் சொன்னார்கள், கூலி எவ்வளவு, அறிக்கையில் என்ன எழுதினேன் ஆகிய எதையும் வெளியே சொல்லக் கூடாது. வேலையை விட்ட பிறகும் கூடாது. ரகசியம் காப்பது எளிது என்றுதான் அப்போது நினைத்தேன்.

கடினமாக இருந்தது தனிமை. இந்த வேலையில் அலுவலகம் இல்லை, பக்கத்து மேசை இல்லை. அறிக்கையைச் சரிபார்ப்பவர் 'விவரம் போதவில்லை' என்று திருப்பி அனுப்பினால், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அப்படித் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் பல ஆண்டுகள் இதே வேலையில் இருந்த ஓர் அக்காவின் பழக்கம் கிடைத்தது. எந்தக் கடைக்குப் போனார் என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆனால் வேலையை முழுக்க அவரிடம்தான் கற்றேன். உள்ளே நுழைந்த நேரம், முதல் ஊழியர் பேசிய நேரம், பணம் கட்டிய நேரம் மூன்றையும் யாருக்கோ செய்தி அனுப்புவதுபோலக் கைபேசியில் குறித்துக்கொள்ள வேண்டும். "ஊழியர் சிடுசிடுத்தார் என்று எழுதாதே. 'முகத்தைப் பார்க்காமல் மீதிச் சில்லறையை மேசையில் வைத்தார்' என்று எழுது. கண்ணால் பார்த்தது மட்டும்தான் சாட்சி" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு என் அறிக்கைகள் திரும்பி வருவது அநேகமாக நின்றுவிட்டது.

ஆனாலும் ஒருமுறை நான் தவறினேன். எங்களைப் போன்ற சிலர் கூடியிருந்த இடத்தில், புதிதாக வந்த ஒருவர் ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றிக் கேட்டார். உதவுகிறோம் என்ற நினைப்பில், கடையின் பெயரையும் அங்கே கேட்க வேண்டிய கேள்வியையும் சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடை ஊழியர்களின் காதுக்கும் எட்டியது. அடுத்த மாதம் அதே கேள்வியோடு போன இன்னொருவரை வாசலிலேயே அடையாளம் கண்டு, பாடம் ஒப்பிப்பதுபோலப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய அறிக்கை தள்ளுபடியானது, கூலியும் கிடைக்கவில்லை. என் நாக்கு செய்த வேலைக்கு முன்பின் அறியாத ஒருவர் விலை கொடுத்தார். இன்றும் அதை நினைத்தால் உறுத்துகிறது.

அதன் பிறகுதான் ரகசியத்தின் எல்லை எனக்குப் புரிந்தது. மிஸ்டரி ஷாப்பராக இருக்கிறேன் என்று சொல்வதில் பெரும்பாலும் தவறில்லை. எங்களுக்கு வேலை தரும் முகமையின் பெயரையும் அதன் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து முடிச்சுப் போடுவதுதான் தவறு. முகமை அடைகிற நட்டத்தைவிட, அறிக்கையில் இடம்பெறும் ஊழியரை நினைத்தே நான் அதிகம் கவலைப்படுகிறேன். 1940களில் அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு இப்பெயர் வழங்கத் தொடங்கிய காலத்தில், ஊழியர்கள் கல்லாவில் நேர்மையாக இருக்கிறார்களா என்று பார்ப்பதே முக்கிய வேலையாக இருந்தது. இப்போது சேவையைத்தான் அளக்கிறோம். ஆனாலும் மனிதர் ஒருவரின் பெயரும் தோற்றமும் அவர் தடுமாறிய ஒரு நிமிடமும் என் கையில் இருக்கின்றன. அதை அரட்டைப் பொருளாக்க எனக்கு உரிமை கிடையாது.

அதற்காக வாயே திறக்காமல் இருப்பதையும் நான் ஏற்க மாட்டேன். ஒரு புதியவருக்குத் தபாலில் காசோலை வந்தது. அதை வங்கியில் போட்டு, ஒரு பகுதியைத் தன் கூலியாக வைத்துக்கொண்டு, மீதியைப் பணப் பரிமாற்றச் சேவையைச் 'சோதிப்பதற்காக' வேறொருவருக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்புவதற்கு முன் எங்களிடம் கேட்டதால் தப்பினார். காசோலை போலி என்று வங்கி கண்டுபிடிக்கச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் அனுப்பிய பணம் போய்விடும், முழுத் தொகையும் நம் தலையில் விழும். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர்களும் இதே ரகம்தான். இதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள எந்த ஒப்பந்தமும் தடையில்லை. உரக்கவே சொல்ல வேண்டும்.

சமீபத்தில் ஒரு கடையில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் அந்த அக்கா நின்றிருந்தார். தனக்கு வாங்க வந்தாரோ, வேலையாக வந்தாரோ, நான் அறியேன். ஒரு கணம் பார்த்துக்கொண்டோம், சிரிக்கவில்லை. மாலையில் தொலைபேசியில் நெடுநேரம் பேசினோம், அந்தக் கடை மட்டும் பேச்சில் வரவே இல்லை. வரிசையில் எனக்கு முன் எத்தனை பேர் என்று என் படிவம் கேட்டிருந்தது. அவரையும் சேர்த்து ஆறு பேர் என்று எழுதி அனுப்பினேன்.