மஞ்சள் தண்ணீர் சிவப்பாக இறங்கியது: குளியலறைக் குழாய் ஒழுகலைக் கண்டுபிடித்த கதை

யாங்கோன் (பழைய ரங்கூன்) நடு ஊரில், காளி கோயிலிலிருந்து நடந்தே வந்துவிடுகிற தூரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி எங்கள் வீடு. கீழ்வீட்டுப் பர்மாக்கார அம்மா வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்து சுண்ணாம்பு உதிர ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. எல்லோரும் மழைக்கசிவு என்றே சொன்னோம். ஆனால் இங்கே மே கடைசியில் பிடிக்கிற மழை அக்டோபரோடு முடிந்துவிடும், பிப்ரவரியிலும் அந்த ஈரம் காயவில்லை என்றால் அது எப்படி மழையாகும்? அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடம். கொத்தனார் ஒருவரை வைத்துக் கூரையில் புதுசாகச் சிமெண்டு பூசிக் கொடுத்தேன். பத்தே நாளில் அதுவும் ஊறிவிட்டது.

சரி, முதலில் எந்தத் தண்ணீர் என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மேலே வரும் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் சொட்டு நிற்கவே நிற்காது. கழிவுக் குழாய் என்றால் நாம் தண்ணீர் ஊற்றினால்தான் சொட்டும். ராத்திரி முழுக்க யாரும் தண்ணீர் புழங்காமல் இருந்து, காலையில் கீழே போய்ப் பார்த்தால் சொட்டு நின்றிருந்தது. அப்படியானால் கழிவுக் குழாய்தான், ஆனால் அடுப்படிக் குழாயா குளியலறைக் குழாயா? இரண்டும் ஒரே சுவர் வழியாகத்தான் பின்சந்தில் இருக்கும் பெரிய இரும்புக் குழாய்க்குப் போகின்றன.

குளியலறையில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர், அடுப்படித் தொட்டியில் ஒரு வாளி குங்குமத் தண்ணீர் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் கீழ்க்கூரையில் செங்கல் நிறத்தில் சொட்டியது. சிவப்புதானே, அடுப்படிதான் என்று அரை நாள் செலவழித்துத் தொட்டியைக் கழற்றி, அந்தக் குழாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் எங்கள் அம்மாவிடம் சொன்னதும், "மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தா ஆலம் ஆயிடாதா தம்பி?" என்று கேட்டார்கள். வாசலில் ஆரத்தி சுற்றக் கரைக்கிற அதே சிவப்பு! மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும், புதுச் சிமெண்டிலும் சுண்ணாம்பைப் போலவே காரம் நிறைய இருக்கிறது. நான் பூசச் சொன்ன சிமெண்டுக்குள் ஊறி இறங்கிய மஞ்சள் தண்ணீர்தான் அது. கீழே உதிர்ந்து கிடந்த பூச்சுத் துண்டு ஒன்றை எடுத்துக் கிண்ணத்து மஞ்சள் தண்ணீரில் போட்டேன், ஓரமெல்லாம் சிவந்துவிட்டது. மறுநாள் குளியலறையில் மட்டும் மஞ்சள் ஊற்றிப் பார்த்தேன், மறுபடி அதே சிவப்பு. இரண்டு சாயத்தை ஒரே நேரத்தில் ஊற்றக் கூடாது, ஒன்றை ஊற்றி அது முடிந்த பிறகுதான் அடுத்தது.

தரையை உடைத்ததும் தெரிந்தது. இரண்டு அங்குல வார்ப்பிரும்புக் குழாய் மேலே பார்க்க நல்லாத்தான் இருந்தது. சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், இது மொத்தென்றது. சவரக் கண்ணாடியைக் கீழே நீட்டி போன் வெளிச்சத்தில் பார்த்தேன், அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு அரித்துப் பிளந்திருந்தது. படுத்த வாக்கில் போகும் குழாயில் தண்ணீர் தேங்குவது அடியில்தான், துருவும் அங்கேதான் பிடிக்கும். தெரிந்த குழாய்க்காரச் சயா (பர்மிய மொழியில் ஆசான்) பசை வைத்து அடைத்துவிடலாம் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை, துருவின் மேல் பசை எத்தனை நாள் நிற்கும்?

மூன்று அடியை அப்படியே அறுத்து எடுத்தேன். பாதியில் கரண்டு போய்விட்டது, மீதியைக் கைரம்பத்தில் அறுக்க இரண்டு மணி நேரம். அறுத்த துண்டு மூன்று விசை, அதாவது ஐந்து கிலோவுக்குக் கிட்ட இருந்தது. பெரிய குழாயின் வாயில் ஈயமும் சணலும் திணித்து அடைத்திருந்தார்கள். அதை உளியால் மெல்ல மெல்லக் குடைந்து எடுத்ததுதான் கஷ்டமான வேலை, ஓங்கி அடித்தால் வாயே விரிந்துபோகும். ஈயத்தூள் உடம்புக்கு ஆகாது, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டேன். அப்புறம் பிவிசி குழாயை ரப்பர் வளையத்தோடு சொருகினேன். வாட்டம் அடிக்குக் கால் அங்குலம், மூன்று அடிக்கு முக்கால் அங்குலம், ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தரையை மூடாமல் இரண்டு நாள் விட்டு, குழாயின் அடியில் பழைய செய்தித்தாள் விரித்து வைத்தேன். தாள் நனையவில்லை.

கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்தின் ஓரமாகப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். ஒன்பது நாளில் ஈரம் கோட்டிலிருந்து நாலு விரற்கடை உள்வாங்கியிருக்கிறது. முழுக்கக் காயாமல் மேலே எதையும் பூசப் போவதில்லை, அந்த அம்மாவும் சரி என்றார்கள்.