தண்ணீரில்லாமல் சுத்தம் செய்த பழைய ரேஸ் கார்ட்

2024 பிப்ரவரி மாதக் கடைசியில், கோயம்புத்தூரில் நான் வாங்கிய பழைய ரேஸ் கார்ட் (ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டும் சிறு பந்தய வண்டி), தார்ப்பாய் போர்த்திய குட்டியானை வண்டியில் சேலம், தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் உள்ள எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 125 சிசி ரோடாக்ஸ் மேக்ஸ் இன்ஜின் பொருத்திய அந்தக் கார்ட், மூன்று ஆண்டுகளாக ஒரு கொட்டகையில் அசையாமல் நின்றிருந்தது. எண்பதுகளில் அப்பா என்னைச் சோழவரம் பந்தயங்களுக்கு அழைத்துச் சென்ற நாள் முதல் மனத்தில் கிடந்த ஆசை, நாற்பத்தாறு வயதில் இப்படிக் கைக்கு எட்டியது. நான் கணக்கர் வேலை பார்ப்பவன். சைக்கிளைத் தவிர வேறெதையும் என் கையால் கழற்றி மாட்டியதில்லை. எனவே இதை ஒரு தொடக்கக்காரர் இன்னொரு தொடக்கக்காரருக்குச் சொல்லும் செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வண்டி வந்தவுடன் பிரஷர் வாஷ் அடித்து அழுக்கை நீக்கிவிட வேண்டும் என்பதுதான் என் முதல் திட்டமாக இருந்தது. ஆனால் அந்த மார்ச் மாதம் பெங்களூரில் யாரும் மறக்கக்கூடியதன்று. எங்கள் தெருவின் ஆழ்குழாய்க் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவுவதற்கும் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதற்கும் குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அண்டை வீட்டார் டேங்கர் லாரிக்காகக் குடத்துடன் காத்திருக்கும்போது, தடை இல்லையென்றாலும் கூட, ஒரு கார்ட்டின் மேல் தண்ணீரைப் பீய்ச்ச எனக்கு மனம் வந்திருக்காது. வேறு வழியின்றி டீசல், பழைய பல் துலக்கும் பிரஷ்கள், ஐந்து கிலோ பனியன் வேஸ்ட் ஆகியவற்றோடு வேலையைத் தொடங்கினேன். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தக்கூடாது என்பது வீட்டு உரிமையாளரின் நிபந்தனையாதலால், வாகனம் நிறுத்தும் இடத்தில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களை இரண்டடுக்காக விரித்துக்கொண்டேன். டீசலுக்குப் பதிலாகப் பெட்ரோலால் கழுவச் சிலர் யோசனை சொன்னார்கள். வீட்டுக்கு அடியில் பெட்ரோல் ஆவியைச் சேரவிடுவது நெருப்போடு விளையாடுவது என்பதால் அதை ஏற்கவில்லை.

பாகங்களைக் கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நட்டைக் கழற்றுவதற்கு முன்பும் கைப்பேசியில் படம் எடுத்து, கழற்றியதைத் தனித்தனிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்தால் போதும். முன் சக்கர அச்சில் உள்ள ஸ்பேசர்களும், ஸ்டியரிங் மூட்டில் மேலும் கீழும் உள்ள வளையங்களும் எத்தனை, எந்த வரிசையில் இருந்தன என்பதை மட்டும் படத்தை நம்பாமல் தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள். அவைதான் வண்டியின் முன்பக்க உயரத்தையும் அகலத்தையும் தீர்மானிப்பவை.

ஐந்தாம் நாளில் வெறும் சட்டம் (ஃபிரேம்) மட்டும் மிஞ்சியது. ரேஸ் கார்ட்டுக்குச் சஸ்பென்ஷன் கிடையாது, பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியலும் கிடையாது. பின் சக்கரங்கள் இரண்டும் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் போக வேண்டியிருப்பதால், உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டுச் சற்றே தூக்கப்பட்டால்தான் வண்டி திரும்பும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரங்களின் சாய்வு காரணமாக உள்பக்க முன் சக்கரம் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைக் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களாலான சட்டம் முறுக்கி வளைந்து பின்பக்கத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. அதாவது சட்டமே அந்த வண்டியின் சஸ்பென்ஷன். ஒவ்வொரு வளைவிலும் முறுக்கப்படுகிற உலோகம் என்பதால், அது என்றாவது ஓரிடத்தில் களைத்து விரிசல் விடும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், துடைப்பது என்பது அழகுக்கான வேலை அன்று என்று எனக்கு உறைத்தது.

சட்டத்தை ஒரு சாண் ஒரு சாணாகப் பிரித்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு குழாய் என்ற கணக்கில் துடைத்தேன். அடிப்பக்கக் குழாய்கள் பந்தயத் தடத்தின் ஓரக் கட்டைகளில் உரசித் தட்டையாகத் தேய்ந்திருந்தன, அதை எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது வேறு. வலப்புறம், பின் அச்சின் பேரிங்கைத் தாங்கும் கொக்கி குழாயோடு பற்றவைக்கப்பட்ட இடத்தில், பனியன் வேஸ்ட்டின் ஒரு நூல் சிக்கி இழுபட்டது. நூலை எடுத்துவிட்டு மறுபடியும் துடைத்தேன். மறுபடியும் அதே இடத்தில் சிக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, சங்கிலி கிரீஸும் தடத்து ரப்பர்த் தூளும் அப்பிய படலத்துக்குக் கீழே, மயிரிழையாக ஒரு கோடு தெரிந்தது. விற்றவர் வண்டி எங்கும் மோதியதில்லை, சட்டம் புத்தம்புதிது போல இருக்கிறது என்று சொல்லியிருந்தார். பிரஷர் வாஷ் அடித்திருந்தால் அந்தப் பரப்பு ஒரே நொடியில் பளபளத்திருக்கும். நானும் மகிழ்ந்து, நேரே பெயின்ட் அடித்து அந்தக் கோட்டை மூடியிருப்பேன். பேரிங்குகளுக்குள் தண்ணீரையும் மணலையும் ஏற்றியும் இருப்பேன்.

அது பெயின்ட் வெடிப்பா உலோக வெடிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. சட்டத்தை ஆட்டோவின் மேல் கட்டிக்கொண்டு, கே.ஆர். புரத்தில் ஆர்கான் வெல்டிங் செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கோலார் தங்கவயல்காரர். 2001இல் சுரங்கம் மூடப்படும் வரை அங்கே பட்டறையில் வேலை பார்த்து, பிறகு பெங்களூருக்குப் பிழைக்க வந்த எத்தனையோ தமிழர்களில் ஒருவர். சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லா துடைச்சுக் கொண்டாந்திருக்கீங்க, தம்பி. அழுக்கோட வந்தா நான் தொடுறதில்ல,” என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் பத்து நாள் உழைப்புக்கான கூலியாக இருந்தது.

அவர் செய்த சோதனையை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சந்தேகப்பட்ட இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து உலோகத்தை வெளிக்காட்டினார். அதன் மேல் டீசலைத் தாராளமாகத் தடவி, ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் ஊறவிட்டார். பிறகு துளி ஈரமும் இல்லாதபடி சுத்தமான துணியால் துடைத்து, சாக்பீஸைப் பொடித்து மெல்லிய துணி வழியாகத் தூவினார். “பெயின்ட் வெடிப்பா இருந்தா வெள்ளையாவே கிடக்கும். இரும்பு விட்டிருந்தா உள்ள போன டீசல் வெளிய வரும்,” என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஐந்து நிமிடத்துக்குள் அந்த வெண்மையில் பழுப்பு நிறக் கோடு ஒன்று ஊறி எழுந்தது; பொருத்தின் ஓரத்தில் தொடங்கிக் குழாயின் மேல் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளைந்து சென்றது. சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் கொண்ட டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே டப்பாக்கள் இதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்கின்றன. ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

விரிசல் மேலும் ஓடாதபடி அதன் முனையில் சிறு துளையிட்டு, கோட்டைப் பள்ளமாக அரைத்து, பின் அச்சை அதன் இடத்திலேயே பொருத்தி வைத்துச் சட்டம் கோணாமல் பார்த்துக்கொண்டு பற்றவைத்தார். சூட்டோடு தண்ணீர் காட்டக் கூடாது என்றும், இந்த வகை எஃகு திடீரென்று குளிர்ந்தால் நொறுங்கும் தன்மையாகிவிடும் என்றும் எச்சரித்தார். காற்று வீசாத மூலையில் அது தானாக ஆறும் வரை நாங்கள் இருவரும் தங்கவயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பீன்யா தொழிற்பேட்டையில் பவுடர் கோட்டிங் செய்து தருவதாகச் சிலர் சொன்னார்கள். பார்வைக்கு அது சிறப்பாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் தடித்த அந்தப் பூச்சுக்குக் கீழே அடுத்த விரிசல் மறைந்துகொள்ளும் என்பதால், வெளிர் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் அடித்தேன். இருண்ட நிறத்தில் தெரியாத கோடு வெளிர் நிறத்தில் உடனே தெரியும். பழைய கார்ட் வாங்குவோர் கறுப்புப் பெயின்ட் புதிதாக அடித்த சட்டத்தைக் கண்டால் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பின் அச்சை லேத்துப் பட்டறையில் இரண்டு வி-பிளாக்குகளின் (வி வடிவப் பள்ளமுள்ள கட்டைகள்) மேல் வைத்து உருட்டிப் பார்த்தோம், நேராக இருந்தது. பேரிங்குகளை டீசலில் ஊறவைத்து, கையால் மட்டும் சுழற்றிக் கழுவினேன். காற்றுக் குழாயைப் பிடித்து விர்ரென்று சுழலவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். எண்ணெயில்லாத பேரிங்கை அப்படிச் சுழற்றினால் குண்டுகள் கீறப்பட்டுவிடும். மூன்றில் ஒன்று கரகரத்ததால் அதை மாற்றினேன். சக்கர ரிம்கள் மெக்னீசியத்தால் ஆனவை என்பதால் அமிலம் கலந்த கிளீனரைத் தவிர்த்தேன். அவற்றைக் கிரைண்டரில் தேய்ப்பதும் கூடாது, அந்தத் தூள் எளிதில் தீப்பற்றும்.

பிரேக்கில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. எண்ணெய்த் தொட்டியின் மூடியில் டாட் 4 என்ற பிரேக் எண்ணெய் வகை பொறித்திருந்ததால் அதையே வாங்கி ஊற்றினேன். சில கார்ட்டுகளின் பிரேக்குகள் மினரல் எண்ணெய்க்காகச் செய்யப்பட்டவை, மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். அதில் தவறவில்லை. ஆனால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றும்போது நான்கைந்து சொட்டுகள் புதுச் சட்டத்தின் மேல் விழுந்ததைக் கவனிக்காமல் இரவு தூங்கப் போய்விட்டேன். காலையில் அந்த இடங்களில் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. பிரேக் வேலையின்போது ஈரத்துணி ஒன்று கையிலேயே இருக்க வேண்டும்.

டெல்லார்ட்டோ கார்புரேட்டரைத் திறந்தபோது மிதவைக் கிண்ணத்தின் அடியில் பச்சை கலந்த பிசின் உறைந்து கிடந்தது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் அறிமுகமானது; அதற்கு முன்பே பத்து சதவீதம் வரையிலான கலப்பு இருந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்காகப் பெட்ரோலில் கலந்த எண்ணெயோ ஆவியாகாமல் தங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். எனவே ஓட்டி முடித்ததும் டேங்கையும் கிண்ணத்தையும் காலி செய்வதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளைத் திருகான ஜெட் அடைபட்டால், அதைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். 160 என்று எண்ணிட்ட ஜெட்டின் துளை 1.60 மில்லிமீட்டர், கம்பி அதைச் சிறிது அகலமாக்கினாலும் கலவை மாறி இன்ஜின் சரியாக ஓடாது. கார்ப் கிளீனரில் ஓர் இரவு ஊறவைத்துக் காற்றடித்ததில் எல்லாம் திறந்துகொண்டன.

இன்ஜினின் உட்பகுதியை நான் தொடவில்லை. ரோடாக்ஸ் மேக்ஸ் பந்தயங்களில் ஓடும் இன்ஜின்கள் அங்கீகரிக்கப்பட்ட மையங்களால் சீல் வைக்கப்படுபவை. சீலை உடைத்தால் அதைக் கொண்டு போட்டியிட முடியாது. பிஸ்டனையும் வளையத்தையும் மாற்றும் வேலையை அத்தகைய மையம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, ரேடியேட்டரை மட்டும் எடுத்துக்கொண்டேன். உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டியதால் உள்ளே வெண்மையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து அரைமணி நேரம் வைத்து இரண்டு முறை கொட்டினேன். இனி டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். காரில் ஊற்றும் கூலன்ட் தடத்தில் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கிவிடுவார் என்பதால் பந்தயக் கார்ட்டுகளில் அதை அனுமதிப்பதில்லை.

மே மாத மழை தொடங்கிய பிறகு பொருத்தும் வேலை நடந்தது. ஸ்டியரிங், பிரேக் ஆகியவற்றின் நைலாக் நட்டுகள் அனைத்தையும் புதிதாக மாற்றினேன். உள்ளே உள்ள நைலான் வளையம் ஒருமுறை கழற்றினாலே பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது. முன்னும் பின்னும் உள்ள பற்சக்கரங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை நீண்ட இரும்பு அடிக்கோல் வைத்துப் பார்த்தேன். நான்கு குளியலறை எடைக்கருவிகளைக் கடன் வாங்கி, நான் இருக்கையில் அமர்ந்தபடி சக்கரத்துக்கு ஒன்றாக எடை பார்த்ததில், மொத்த எடையில் முன்பக்கம் 42 சதவீதம் வந்தது. இடதும் வலதும் ஏறத்தாழ ஒத்திருந்தன. பற்றவைத்த சட்டம் கோணவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று என் கையில் இல்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அனுமதி பெற்றுத் தடத்தில் இறக்கினேன். குளிர்ந்த டயர்களில் 12 பிஎஸ்ஐ காற்று வைத்து, முதல் ஐந்து சுற்று மெதுவாகவும் அடுத்த ஐந்து சுற்று என்னால் முடிந்த வேகத்திலும் ஓட்டினேன். மூன்றாவது வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் இலேசாகத் தூக்கியதை முதுகெலும்பில் உணர்ந்தேன். அந்த நொடியில் எனக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்ததும் வலப்புறப் பொருத்தில் டீசல் தடவி, ஊறவைத்து, துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டுக் காத்திருந்தேன். அரைமணி நேரம் ஆகியும் பொடி வெள்ளையாகவே இருந்தது. இடப்புறத்திலும் அதையே செய்து பார்த்துவிட்டு, பெட்ரோலைக் காலி செய்து, தார்ப்பாயைப் போர்த்தினேன்.