அப்பாவின் தொடைக் கட்டியும் அந்த ஸ்லைடுகளும்

ஊசி போட்டுச் செல் எடுத்தால் என்ன கட்டி என்று தெரிந்துவிடும் என்றுதான் அப்பாவை எஃப்.என்.ஏ.சி.க்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் வந்தது: வெறும் ரத்தம், செல்கள் போதவில்லை. காசு போனதுதான் மிச்சம்.

மறுபடி ஸ்கேன் பார்த்தபடி எடுத்தார்கள். ஊசி இறங்கியதும் அப்பா துள்ளிவிட்டார். “தம்பி, பாதம் வரைக்கும் ஷாக் அடிக்குது.” “ஊசின்னா வலிக்கத்தான் செய்யும் பெரியவரே, ஆடாம இருங்க.” அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை ரிப்போர்ட்டில் ‘ஸ்பிண்டில் செல் கட்டி, பயாப்ஸி தேவை’ என்று இருந்தது. கூகுளில் தேடியதும் சார்கோமா என்ற புற்றுநோய் என்று வர, அன்றிரவு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

புற்றுநோய் அறுவை நிபுணர்தான் பொறுமையாக விளக்கினார். ஸ்பிண்டில் செல், அதாவது கதிர் போல நீண்ட செல், சாதுவான (புற்றில்லாத) கட்டியிலும் இருக்கும், சார்கோமாவிலும் இருக்கும். இந்த ஊசியில் செல்கள் உதிரியாகத்தான் வரும். திசுவுக்குள் எப்படி அடுக்கியிருந்தன என்பது தெரியாது. கொழுப்புக் கட்டி என்றால் பெரும்பாலும் இதுவே போதும். ஆழத்தில் இருப்பது, 5 செ.மீ.க்கு மேல் பெரிதானது, வளர்ந்துகொண்டே போவது என்றால் முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு தடித்த ஊசியில் திசுவைத் துண்டாகவே எடுக்கும் கோர் பயாப்ஸி. அதையும் ஆபரேஷன் செய்யப்போகிறவர் சொல்லும் இடத்தில்தான் குத்த வேண்டுமாம். “சின்னதா கீறி எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால் ஓடி வந்துவிடுங்கள்.

அவர் பழைய ஸ்லைடுகளை, அதாவது ஊசியில் எடுத்த செல்களைத் தடவிய கண்ணாடித் துண்டுகளை, கேட்டார். பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் மட்டும்தான் தருவார்களாம், ஸ்லைடுக்கு டாக்டர் கடிதம் வேண்டுமாம். கடிதத்தோடு போனால், பீரோ சாவி வைத்திருப்பவர் லீவு. அலைக்கழித்துக் கடைசியில் நியூஸ் பேப்பரில் சுற்றித் தந்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஒன்றில் பென்சிலால் எழுதியிருந்த எண் வேறு யாருடையதோ! கவுன்ட்டரை விட்டு நகராமல் சரியானதை வாங்கினேன். நீங்களும் ரிப்போர்ட் எண்ணோடு ஒத்துப்பாருங்கள்.

எம்.ஆர்.ஐ. சிக்கலில்லாமல் முடிந்தது. பயாப்ஸிக்கு முன் டாக்டர், “ஊசி போட்டப்ப கால்ல கரன்ட் மாதிரி ஓடுச்சா?” என்று கேட்டார். அப்பாவுக்கு அப்படியொரு பூரிப்பு. நரம்புறைக் கட்டியில் ஊசி பட்டால் அப்படி இழுக்குமாம். பயாப்ஸியில் நரம்புறைச் செல்களைக் காட்டும் எஸ்-100 சாயமும் நன்றாகப் பிடித்தது: ஷ்வானோமா என்ற நரம்புறைக் கட்டி, சாதுவானது. நரம்பைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் உரித்தெடுத்துவிடலாம் என்கிறார். அடுத்த வாரம் ஆபரேஷன்.